32 சொல்லில் இல்லாத நரி

கோழி ஒன்று நடக்கக் கிளம்புகிறது. முற்றம், குளம், வைக்கோல் போர், மாவு மில், வேலி, தேனீப் பெட்டி என்று ஒரு சுற்று போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கூடு திரும்பிவிடுகிறது. கதை அவ்வளவுதான். ஆங்கிலப் படப் புத்தகம் ஒன்றில் அது ஒரே வாக்கியம். எண்ணிப் பார்த்தால் 32 சொல். படித்துக் காட்டுகிறவருக்கு அரை நிமிட வேலை.

என் மடியில் உட்கார்ந்திருக்கும் இரண்டரை வயதுக்காரிக்கு அது கோழிக் கதையே இல்லை. முதல் படத்திலேயே கோழிக்கூண்டுக்கு அடியில் விரலை வைத்து, "அப்பா, நரி!" என்கிறாள். நான் படிக்கிற எழுத்தில் நரி கிடையாது. கடைசிச் சொல் வரை தேடினாலும் கிடையாது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கோழிக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கி அது வந்துகொண்டே இருக்கிறது. நான் கோழியைச் சொல்லிக்கொண்டு போகிறேன். அவள் நரியைச் சொல்லிக்கொண்டு வருகிறாள். எழுத்துத் தெரியாதவள் கையில்தான் பாதிக்கு மேல் கதை இருக்கிறது.

புத்தகத்தின் பெயர் 'ரோஸிஸ் வாக்', ரோஸி என்ற கோழியின் நடை. பாட் ஹட்சின்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் எழுதி, தானே படமும் வரைந்து 1968இல் வந்தது. அவருக்கு அதுதான் முதல் புத்தகம். முதலில் அவர் எழுதிக் கொண்டுபோனது பண்ணை விலங்குகள் போடும் சத்தங்களைப் பற்றிய நீளமான கதை. அமெரிக்கப் பதிப்பாசிரியர் சூசன் ஹிர்ஷ்மனுக்கு அதில் ஒரு வரிதான் பிடித்தது: நரி சத்தமே போடாது என்ற வரி. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கழித்தார்கள். கழித்துக்கொண்டே போனதில் கடைசியில் அந்த வரியும் போய்விட்டது. நரி மட்டும் சத்தம் போடாமல் படத்துக்குள் தங்கிவிட்டது.

அது எப்படி வேலை செய்கிறது என்று கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு விரிப்பில், அதாவது எதிரெதிரே விரிந்த இரண்டு பக்கத்தில், கோழி முற்றத்தில் நடக்கிறது. நரி பாயத் தயாராக இருக்கிறது. அது காலை வைக்கப்போகிற இடத்தில் குப்பை வாரும் கம்பு ஒன்று, இரும்புப் பல் மேலே பார்த்தபடி கிடக்கிறது. நான் படிக்க வேண்டியது 'முற்றத்தைக் கடந்து' என்பது மட்டும். பக்கத்தைத் திருப்பினால் எழுத்தே இல்லை: கம்பு எழும்பி நரியின் மூஞ்சியில் அடித்திருக்கிறது. அடுத்த விரிப்பில் மறுபடி மூன்று சொல், குளம். திருப்பினால் நரி தண்ணீருக்குள். சொல் உள்ள விரிப்பு, சொல் இல்லாத விரிப்பு என்று மாறி மாறிப் போகிறது. முதல் தடவை பிள்ளை அடி விழுந்த பிறகு சிரிக்கும். மூன்றாம் தடவை அடி விழுவதற்கு முன்பே சிரிக்கும், கம்பை முன்கூட்டியே பார்த்துவிட்டதால். பத்தாம் தடவை நம்மைப் பக்கம் திருப்ப விடாது. கையைப் பிடித்து நிறுத்திவைத்துக் காத்திருப்பதை ருசி பார்க்கும்.

குழந்தைப் புத்தகத்தில் சொல் ஏன் குறைவு என்று கேட்டால், 'சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், நாலு சொல் போதும்' என்பதுதான் வழக்கமான பதில். எனக்கு அது சரியாகப் படவில்லை. பேச ஆரம்பிக்காத ஒரு வயதுப் பிள்ளையிடம் "அந்தச் செருப்பை எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள், எடுத்துக்கொண்டு வரும். வாயில் வரும் சொல்லைப் போலப் பல மடங்கு சொல் அதற்குள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கிறது. காதுக்கு எட்டாது என்பதற்காகச் சொல்லைக் குறைக்க வேண்டியதில்லை. குறைக்கிற காரணம் கண்.

கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை எழுத்தைப் பார்ப்பதே இல்லை. கதை படித்துக் காட்டும்போது நாலைந்து வயதுப் பிள்ளைகளின் கண் எங்கே போகிறது என்று கனடாவில் கருவி வைத்து அளந்து 2005இல் ஓர் ஆய்வு வந்தது. பார்வை ஏறத்தாழ முழுக்கப் படத்தின் மேலேயே இருந்தது. எழுத்தின் பக்கம் போனது அபூர்வம். அதாவது, நம் வாய் ஒரு பாதையில் போகிறது, அதன் கண் வேறு பாதையில் மேய்கிறது. பக்கத்தில் எட்டு வரி இருந்தால், எப்போது திருப்புவது என்பதை அந்த எட்டு வரி தீர்மானிக்கிறது. படித்து முடித்தோம், திருப்பினோம். மூன்று சொல்தான் இருக்கிறது என்றால் இரண்டு நொடியில் நம் வேலை முடிந்துவிடும். பிறகு நாம் சும்மா இருக்க வேண்டியதுதான். திருப்புகிற அதிகாரம் பிள்ளைக்குக் கைமாறுகிறது. சொல் குறைந்த புத்தகத்தின் பெரிய லாபம் இந்தக் கைமாற்றம் என்றுதான் நினைக்கிறேன்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்க எழுத்தாளர் டாக்டர் சூஸ் 1960இல் 50 சொற்களை மட்டும் வைத்து ஒரு புத்தகம் முழுக்க எழுதினார். அவருடைய பதிப்பாளர் பென்னட் செர்ஃப் கட்டிய பந்தயத்துக்காக. ஆனால் அது சொல் குறைந்த புத்தகம் அல்ல, அதே 50 சொல் திரும்பத் திரும்ப வரும் நீளமான பாட்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் ஆறு வயதுக்கானது. தானே படிக்கிற பிள்ளைக்கான புத்தகமும், மடியில் வைத்துப் படித்துக் காட்டுகிற புத்தகமும் வேறு வேறு. நம் ஊர்க் கடைகளில் இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கும்.

இன்னொன்று, படத்தைப் படமாகப் பார்ப்பதும் பிறவியில் வருவதல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோச்சும் அவருடைய சகாக்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்பது மாதக் குழந்தைகளின் முன்னால் பொருள்களின் படங்களை வைத்தார்கள். பிள்ளைகள் தாளிலிருந்து அந்தப் பொருளைப் பிடுங்கி எடுக்கப் பார்த்தன, தடவின, சுரண்டின. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் படம் அதிகம் பார்த்திராத குழந்தைகளும் அதையேதான் செய்தன. ஒன்றரை வயதைத் தாண்டும்போதுதான் பிடுங்குவதை விட்டுவிட்டு விரல் நீட்டத் தொடங்குகின்றன. தாளில் இருப்பது பால் புட்டி அல்ல, பால் புட்டியைப் பற்றிய ஒரு சேதி என்பது பிடிபட அத்தனை மாதம் ஆகிறது. ஆகவே எட்டு மாதப் பிள்ளை புத்தகத்தைக் கடித்தால், அது அந்த வயதுக்கு உரிய வாசிப்புதான். கெட்டி அட்டையும் உருட்டி விட்ட மூலையும் அதற்காகத்தான்.

நெதர்லாந்தில் டிக் புரூனா இந்த வயதைக் குறிவைத்து ஒரு முயலை வரைந்தார். கடலோர விடுமுறையில் தன் சின்ன மகனுக்குச் சொன்ன முயல் கதையிலிருந்து 1955இல் வந்த அந்த முயலின் டச்சுப் பெயர் நைன்ட்யெ. உலகம் முழுக்க மிஃபி என்றால் தெரியும். சின்னக் கைக்கு அடங்குகிற சதுரப் புத்தகமாக 1963இலிருந்து வரத் தொடங்கியது. புத்தகத்துக்குப் 12 படம், படத்துக்கு எதிரே நாலு வரி. கனத்த கறுப்புக் கோடு, கலக்காத சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. முயல் எந்தப் பக்கம் நடந்தாலும் முகம் மட்டும் நம்மைப் பார்த்தபடியே இருக்கும். இரண்டு புள்ளி கண், ஒரு பெருக்கல் குறி வாய். பார்த்தால் யாரும் வரைந்துவிடலாம் போலிருக்கும். உட்கார்ந்து வரைந்து பார்த்தால்தான் தெரியும், புள்ளி ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் முயல் எரிச்சலாகிவிடுகிறது.

ஜப்பானில் 1967இல் வந்த 'இனாய் இனாய் பா' இன்னும் எளிது. மட்சுடானி மியோகோ எழுத, செகவா யசுவோ வரைந்தார். ஒரு விலங்கு முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கும். திருப்பினால் முகத்தைக் காட்டும். நாம் துண்டால் முகத்தை மூடி 'இதோ!' என்று காட்டுவோமே, அதே விளையாட்டு. வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே துண்டின் வேலையைத் தாள் செய்கிறது. அந்த நாட்டின் பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் புத்தகம்.

நம்மிடம் இதற்கு இணையானது என்ன என்று யோசித்தால், அது தாளில் இல்லை, உள்ளங்கையில் இருக்கிறது. பிள்ளையின் கையை விரித்து முழங்கையால் பருப்பு கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வைத்து, கழுவித் துடைத்து, பிறகு இரண்டு விரல் நண்டாகி மணிக்கட்டிலிருந்து ஊறத் தொடங்கும். ஊறுது, ஊறுது... அக்குளுக்கு வந்ததும் கிச்சுக்கிச்சு. இதில் எல்லாம் இருக்கிறது: திரும்ப வரும் சொல், ஐந்து விரல் என்ற ஐந்து பக்கம், தெரிந்தே காத்திருக்கும் முடிவு. நண்டு தோளை எட்டுவதற்கு முன்பே பிள்ளை சிரித்து நெளிகிறதே, அதே சிரிப்புதான் அந்தக் குப்பை வாரும் கம்பைப் பார்த்து வருவதும்.

தாளையே கதையாக்கியதில் அமெரிக்க ஓவியர் எரிக் கார்லை மிஞ்ச ஆளில்லை. 1969இல் வந்த அவருடைய பசிக்காரப் புழு ஆங்கிலத்தில் 224 சொல். திங்கள் முதல் ஞாயிறு வரை, ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிக்கை, பழங்கள், வயிற்றுவலி, கூடு, பட்டாம்பூச்சி எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது. புழு தின்ற இடத்தில் தாளில் நிஜமாகவே ஓட்டை. பழம் கூடக் கூடப் பக்கத்தின் அகலமும் கூடும். முதலில் கார்ல் யோசித்தது ஒரு புத்தகப்புழு. பட்டாம்பூச்சியாக மாறுகிற கம்பளிப்புழுவாக வைக்கலாமே என்றது பதிப்பாசிரியர் ஆன் பெனெடூஸ். ஓட்டை போட்டு, வெவ்வேறு அளவில் பக்கம் வெட்டிக் கட்டுப்படியாகிற விலைக்கு அச்சடிக்க அமெரிக்காவில் ஆள் கிடைக்காமல், ஜப்பானில் அச்சடித்தார்கள். இன்று 60க்கும் மேற்பட்ட மொழிகளில் அந்தப் புழு தின்றுகொண்டிருக்கிறது.

ஓட்டை மட்டுமல்ல, திறக்கிற கதவு, இழுக்கிற வால், தடவுகிற ரோமம், அழுத்தினால் கத்துகிற பொத்தான் என்றும் உலகம் முழுக்கப் புத்தகங்கள் உண்டு. எல்லாம் நல்லது என்று சொல்ல முடியாது. இழுத்தால் எழும்புகிற படம் உள்ள புத்தகத்தையும் வெறும் படம் உள்ள புத்தகத்தையும் ஒப்பிட்ட 2010 ஆய்வு ஒன்றில், வெறும் படத்திலிருந்தே பிள்ளைகள் கூடுதலாகக் கற்றுக்கொண்டன. கை வேலையில் இறங்கினால் கதை நழுவுகிறது. கார்லின் ஓட்டைக்கு இந்தக் குற்றம் பொருந்தாது என்பது என் கட்சி. அங்கே ஓட்டைதான் வினைச்சொல். 'தின்றது' என்று நாம் சொல்ல வேண்டியதை விரல் நுழைந்து பார்த்துக்கொள்கிறது. பொத்தானை அழுத்தினால் மாடு கத்துவதில் மாட்டைப் பற்றிய கதை எதுவும் நகர்வதில்லை, பேட்டரிதான் தீர்கிறது.

அமெரிக்க எழுத்தாளர், ஓவியர் மாரிஸ் செண்டாக் 1963இல் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' என்ற புத்தகத்தில் செய்தது வேறு வகை. அதில் பையனின் கற்பனை பெருகப் பெருகப் படமும் பெருத்து, எழுத்தை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போகும். நடுவில் மூன்று முழு விரிப்பில் எழுத்தே இருக்காது, பூதங்களும் பையனும் ஆடும் ஆட்டம் மட்டும். ஆட்டம் முடிந்ததும் எழுத்து திரும்ப வரும். கடைசியில் எழுத்து மட்டும்தான், படம் இல்லை.

ஹட்சின்ஸ், புரூனா, கார்ல், செண்டாக் நாலு பேருக்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. நால்வரும் எழுதியவரும் தாமே, வரைந்தவரும் தாமே. நரியை எழுத்திலிருந்து எடுத்துவிடத் துணிச்சல் வந்தது, அதைப் படத்தில் தானே வைக்கப்போகிறோம் என்று தெரிந்திருந்ததால்தான். நம் வழக்கத்தில் கதையை ஒருவர் எழுதி முடித்துக் கொடுப்பார். அது ஓவியரிடம் போகும். இருவரும் முகம் பார்த்துக்கொள்ளாமலே புத்தகம் வந்துவிடுவதும் உண்டு. எழுதுகிறவருக்குப் படத்தின் மேல் நம்பிக்கை இருக்காது, எனவே எல்லாவற்றையும் எழுதிவிடுவார். 'ஒரு பெரிய பச்சை மரத்தின் கிளையில் கறுப்புக் காகம் ஒன்று உட்கார்ந்திருந்தது.' ஓவியர் வேறென்ன செய்வார்? பெரிய பச்சை மரம், கிளை, கறுப்புக் காகம். சொன்னதைப் படம் சொல்கிறது, படம் காட்டியதை எழுத்து சொல்கிறது. பிள்ளை கண்டுபிடிக்க மிச்சம் எதுவும் இல்லை.

மிச்சம் என்றதும் நம் இலக்கணம் நினைவுக்கு வருகிறது. எச்சம் என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, சொல்லாமல் விட்டதை எவ்வளவு நுணுக்கமாக வகைபிரித்திருக்கிறார்கள்! தொல்காப்பிய எச்சவியல் எஞ்சும் பொருளைப் பத்தாகப் பிரிக்கிறது. அதில் குறிப்பால் நிரப்பிக்கொள்ள வேண்டிய குறிப்பெச்சமும் ஒன்று. மூன்று வயதுக்குள்ளான பிள்ளைக்கான புத்தகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். அந்தக் கோழிக் கதையை ஆங்கிலப் பிரதியிலிருந்து மடியிலேயே தமிழாக்கிச் சொல்லும்போதுதான் எனக்குத் தொடர்பு தெரிந்தது.

ஆங்கில வாக்கியத்தில் 'போனாள்' என்ற வினை முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. எங்கே, எதைத் தாண்டி, எதன் கீழே என்பதெல்லாம் வால் மாதிரி பின்னால் நீள்கிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும். 'கோழி நடந்தது' என்று சொல்லிவிட்டால் கதை முதல் பக்கத்திலேயே முடிந்துவிட்ட மாதிரி. முதல் இரண்டு நாள் ஒவ்வொரு பக்கத்திலும் 'கடந்தது', 'சுற்றியது', 'ஏறியது' என்று முடித்து முடித்துச் சொன்னேன். சவசவ என்று இருந்தது. மூன்றாம் நாள் தன்னால் வாயில் வந்தது: "முற்றத்தைக் கடந்து..." திருப்பு. "குளத்தைச் சுற்றி..." திருப்பு. 'கடந்து', 'சுற்றி' என்று நிறுத்தினால் வாக்கியம் முடியவில்லை என்பது இரண்டரை வயதுக் காதுக்கும் தெரிகிறது. அந்தத் தொங்கலில்தான் நரி தண்ணீரில் விழுகிறது. பக்கம் திருப்ப வைப்பதற்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு கருவி, வினையெச்சம் என்ற பெயரில், நம்மிடம் சும்மா கிடக்கிறது.

பெயரெச்சமும் அப்படித்தான். எலி. எலியைப் பிடித்த பூனை. எலியைப் பிடித்த பூனையைத் துரத்திய நாய். அடுக்கிக்கொண்டே போகிற கதை உலகம் முழுக்க உண்டு. ஆங்கிலத்தில் அதைச் சொன்னால் புதிதாக வருகிற ஆள் வாக்கியத்தின் தலையில் வந்து நிற்பார், பழையவர்கள் பின்னால் வரிசை கட்டுவார்கள். தமிழில் தெரிந்தவர்கள் முன்னால் வந்து, புதியவர் கடைசியில் வருகிறார். 'எலியைப் பிடித்த பூனையைத் துரத்திய' என்று நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால், யார் என்பது படத்தில் இருக்கும். நான் 'நாய்' என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை.

சொல் எண்ணிக்கையை மொழிக்கு மொழி ஒப்பிடுவதும் சரிவராது. ஆங்கிலத்தில் மூன்று சொல் 'குளத்தைச் சுற்றி' என்று இரண்டாகிவிடுகிறது. 'சாப்பிட்டுக்கொண்டிருந்தது' ஒற்றைச் சொல்தான். ஆனால் இரண்டு வயது வாயில் அது ஒரு கிலோமீட்டர்.

தமிழில் இந்த வகைப் புத்தகம் எழுத உட்காருகிறவர் முதலில் முட்டிக்கொள்கிற கல் வேறு: எந்தத் தமிழ்? 'பூனை பாலைக் குடித்தது' என்று அச்சில் இருக்கும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. சத்தமாகப் படிக்கிற அம்மாவோ அப்பாவோ கண்ணில் 'குடித்தது' என்று பார்த்து வாயில் 'குடிச்சிருச்சு' என்று மாற்றிக்கொண்டே போகிறார்கள். மாற்றாமல் படித்தால் பிள்ளை ஒரு நொடி நம் முகத்தைப் பார்க்கும், யாரோ செய்தி வாசிக்கிற மாதிரி. பேச்சுத் தமிழிலேயே அச்சடித்துவிடலாம் என்றால், யாருடைய பேச்சு? குடிச்சிச்சு, குடிச்சுது, குடிச்சிட்டுது, குடிச்சிருச்சு என்று ஊருக்கு ஒன்று. நெல்லையில் அடித்த புத்தகம் யாழ்ப்பாணத்தில் அந்நியமாகிவிடும்.

சொல்லைக் குறைப்பவருக்கு இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்க வழி உண்டு. முற்றுவினையை விட்டுவிடலாம். தமிழ் வினையில்லாமலே நிம்மதியாக வாக்கியம் அமைக்கிற மொழி. 'இது யார் வால்?' 'பூனை. பால். சளப் சளப்.' 'இன்னும் கொஞ்சம்.' இவற்றில் அச்சுக்கும் வாய்க்கும் இடைவெளி மிகக் கொஞ்சம். வா, போ, தா, இதோ, ஐயோ, அம்மா, பால், பூ எல்லாம் இரண்டு தமிழிலும் ஒன்றுதான். இதற்கு மேல் நம்மிடம் இருக்கிற சத்தச் சொற்களின் களஞ்சியம்: குடுகுடு, தொபுக்கடீர், டமால், சரசர, பளிச், மொறுமொறு, வழவழ. ஜப்பானில் கவிஞர் டனிகவா ஷுன்டாரோவும் ஓவியர் மோட்டோனகா சடமசாவும் 1977இல் ஏறத்தாழ சத்தச் சொற்களை மட்டும் வைத்து ஒரு முழுப் புத்தகம் செய்தார்கள். உருவமில்லாத மேடுகள் எழும்பும், ஒன்றை ஒன்று தின்னும், வெடிக்கும். என்ன கதை என்று பெரியவர்களுக்குப் புரியாது, பிள்ளைகள் விழுந்து விழுந்து கேட்பார்கள். தொபுக்கடீரை வைத்திருக்கிற மொழியில் அப்படி ஒன்று ஏன் வரக்கூடாது?

எழுத்தே இல்லாத புத்தகம் என்றால் இந்தச் சிக்கல் முழுக்கவே கரைந்துவிடும். என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, ஆங்கிலம் தெரியாத அவர் கையில் ரோஸி போய்ச் சேர்ந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேத்தியை இழுத்து உட்காரவைத்து, "ஏட்டி, அந்தா பாரு, நம்ம வளவுல கோழி போகுது. பின்னால ஒரு களவாணி நரி வாரான். வைக்கப்படப்புல ஏறுதா? ஏறட்டும், ஏறட்டும்" என்று ஆரம்பித்தார். ஒரு சொல் மூலத்தில் இல்லை. ஒரு படமும் விட்டுப்போகவில்லை. வைக்கோல் போரை நான் அத்தனை நாளும் வைக்கோல் போர் என்றே சொல்லிவந்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது வைக்கப்படப்பு.

சென்னையிலிருந்து இயங்கும் தாரா (1994), தூலிகா (1996) இரண்டும் இந்தியப் படப் புத்தகத்தின் முகத்தை மாற்றிய பதிப்பகங்கள். தூலிகா தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. ஆங்கிலமும் இன்னொரு மொழியும் ஒரே பக்கத்தில் வருகிற இருமொழிப் புத்தகங்களும் போடுகிறது. பிரியா குரியன் வரைந்து 2017இல் அங்கிருந்து வந்த, மூக்குக்கண்ணாடியைத் தேடும் கேரளத்துப் பாட்டியின் புத்தகத்தில் எழுத்தே கிடையாது. எனவே அதை மொழிபெயர்க்கவும் தேவையில்லை. நேஷனல் புக் டிரஸ்ட் 1957இலிருந்து குறைந்த விலையில் போடுகிறது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2004இல் தொடங்கியது. 2015இல் அது திறந்த ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம். அங்கே முதல் நிலைக் கதை என்றால் 250 சொல்லுக்குள். ரோஸியைப் போல ஏழெட்டு மடங்கு! ஆனால் அது படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கான அளவு. இரண்டு வயதுக்குப் போட்டது அல்ல.

இரண்டு வயதுக்குத் தமிழில் கெட்டி அட்டைப் புத்தகம் கேட்டுக் கடைக்குப் போனால் பெரும்பாலும் கையில் கிடைப்பது பழங்கள், காய்கறிகள், வாகனங்கள், விலங்குகள். பக்கத்துக்கு நாலு படம், அடியில் பெயர். பெயர்ப் பட்டியலில் தவறில்லை. அது கதை இல்லை, அவ்வளவுதான். காரணம் ஓரளவு காசு. சாதாரணத் தாளில் 32 பக்கம் என்பது அச்சு இயந்திரத்துக்கு வசதியான கணக்கு. பெரிய தாளில் அடித்து மடித்து வெட்டினால் எட்டு, பதினாறு என்ற மடங்குகளில் பக்கம் வரும். கெட்டி அட்டை அப்படியல்ல: தாளை அட்டையில் ஒட்டி, ஒவ்வொரு மூலையையும் உருட்டி வெட்ட வேண்டும். நிறைய பிரதி அடித்தால்தான் விலை இறங்கும். நிறைய அடிக்கிற தைரியம் பழங்களுக்கும் வாகனங்களுக்கும் வருகிறது. இன்னொரு பக்கம் வாங்குகிறவரின் கணக்கும் இருக்கிறது. 'இத்தனை ரூபாய் கொடுத்து வாங்கினா உள்ள எழுத்தே இல்லையே' என்று புத்தகக் கண்காட்சியில் ஒருவர் திருப்பி வைத்துவிட்டுப் போனதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். சொல்லை எடை போட்டு வாங்குகிறோம்.

இருமொழிப் புத்தகத்தைப் பற்றியும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் மூன்று சொல் இருந்த பக்கத்தில் அடியில் இன்னும் மூன்று சேர்ந்ததும், படிக்கிறவர் இரண்டையும் படிக்கிறார். பிறகு பிள்ளையைப் பார்த்து, "இங்கிலீஷ்ல என்ன? சொல்லு பாப்போம்" என்கிறார். மடி வகுப்பறையாகிவிடுகிறது.

நம் வீடுகளில் இந்தப் பரீட்சைக் குணம் ஆழம். இது என்ன? இது என்ன கலர்? எத்தனை இருக்கு, எண்ணு. பிள்ளையோடு பேசிப் பேசிப் படிப்பதைப் பற்றி அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் செய்த ஆய்வு எல்லோரும் எடுத்துக்காட்டுவது. இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்குப் படிக்கும் முறையை மட்டும் மாற்றச் சொல்லிக் கொடுத்தார்கள்: ஆமாம் இல்லை என்று முடிந்துவிடாத கேள்வியாகக் கேட்பது, பிள்ளை சொன்னதோடு ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்வது. ஒரே மாதத்தில் பேச்சில் வித்தியாசம் தெரிந்தது. பிள்ளை 'நரி' என்றால், 'ஆமா, ஈர நரி' என்போம். அவ்வளவுதான். அதிலிருந்து கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது நம் திறமை.

நீளமான கதைக்கும் இடம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 100 படப் புத்தகங்களின் சொற்களை, பெற்றோர் பிள்ளையிடம் பேசும் பேச்சோடு ஒப்பிட்டு 2015இல் வந்த ஆய்வு, புத்தகத்தில்தான் வெவ்வேறு சொற்கள் அதிகம் என்று காட்டியது. அன்றாடப் பேச்சில் வராத சொல் புத்தகம் வழியாகத்தான் வருகிறது. இரண்டும் வேண்டும், ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

சொல் குறைந்த புத்தகத்தால் பெரியவர்களுக்கும் ஓர் ஆதாயம். பிள்ளை ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும். கேட்கத்தான் வேண்டும்: மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்து இங்கிலாந்தில் செய்து 2011இல் வந்த ஆய்வில், அதே கதையை மறுபடி மறுபடி கேட்ட பிள்ளைகளுக்கே புதுச் சொற்கள் மனதில் நின்றன; அதே சொற்கள் வெவ்வேறு கதைகளில் வந்தபோது அந்த அளவு நிற்கவில்லை. நள்ளிரவை நெருங்கும்போது ஏழாவது தடவையாகப் படிக்கிற ஆளுக்கு, 800 சொல்லா 32 சொல்லா என்பது வாழ்வா சாவா பிரச்சினை.

ரோஸியை எத்தனை தடவை படித்தாலும் ஒரு கேள்வி தீர்வதில்லை. பின்னால் நரி வருவது கோழிக்குத் தெரியுமா? திரும்பியே பார்க்காமல் நடக்கிறது. ஆனால் மாவு மில்லைத் தாண்டும்போது அதன் காலில் ஒரு கயிறு சிக்கி, அந்த இழுப்பில்தான் மாவு மொத்தமும் நரியின் தலையில் கொட்டுகிறது. தற்செயலா, தந்திரமா? என் மனைவி தந்திரம் என்கிறாள். நான் தற்செயல் கட்சி. இரண்டரை வயதுக்காரி நாளுக்கு ஒரு கட்சி.

போன வாரம் அவள் வேறொன்று கேட்டாள். கோழி வீடு திரும்பி, கடைசிச் சொல்லான சாப்பாடு வந்து, புத்தகத்தை மூடிவிட்டேன். "நரி சாப்பிட்டுச்சா?" என்றாள். நான் அதுவரை யோசித்ததே இல்லை. தெரியலையேம்மா என்று விளக்கை அணைத்தேன். மறுநாள் மாலை புத்தகத்தை எடுத்தால், தேனீக்கள் துரத்தும் பக்கத்தில், ஓடுகிற நரியின் வாய்க்கு நேராக ஒரு துண்டு இட்லி காய்ந்து ஒட்டியிருந்தது.